முன் ஆக்சிலில் எல்எஸ்டி: வளைவில் மிதியும் பேசும்

லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் முன் ஆக்சிலில் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) போடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, "ஸ்டியரிங் கனத்துப்போகுமா?" என்பதைத்தான். கொஞ்சம் கனக்கும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பழக நாளாவது வேறொன்று. வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை அதுவரை ஸ்டியரிங் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இனி ஆக்சிலரேட்டர் மிதியும் அதில் தலையிடும். எவ்வளவு மிதிக்கிறீர்கள், எப்போது காலை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதே வளைவில் அதே ஸ்டியரிங் கோணத்தில் வண்டி வெளியே ஒதுங்கவும் செய்யும், உள்ளே இழுக்கவும் செய்யும்.

இங்கே பேசுவது காயில் ஸ்பிரிங் வைத்த பழைய டிஃபெண்டர் 90, 110 பற்றி: எல்டி230 டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி), 24 ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையின் பல்வரி) ஆக்சில் உள்ளவை. இதையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவை போகிறது. தார்ச்சாலையிலும் முன் டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப்; இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) வேலை செய்துகொண்டே இருக்கும். அதில் எதை மாற்றினாலும் தினசரி ஓட்டத்தில் தெரியும். ஜிப்சியிலோ ஜிம்னியிலோ 2ஹெச்-ல் (இரு சக்கர இழுவையில்) ஹப் விடுபட்டு ஓடும்போது முன் டிஃப்புக்கு இஞ்சின் இழுவை போவதே இல்லை. அந்த வண்டிக்காரர்களுக்குக் கீழே சொல்வதெல்லாம் 4ஹெச், 4எல் (நான்கு சக்கர இழுவை) போடும்போது மட்டும்தான். அப்போது பெரும்பாலும் மண்ணிலோ சேற்றிலோ இருப்பார்கள் என்பதால் பாதித் தொல்லை அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் முறுக்கு விசையைச் சமமாகத்தான் பிரிக்கும். நல்ல குணம்தான். ஆனால் பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அதே அளவுதான் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும். இடது சக்கரம் சேற்றில் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் சுழலத் தொடங்கினால் வலது சக்கரத்துக்கும் 200தான், மொத்தம் 400. பயஸ் விகிதம் (பிடிப்புள்ள பக்கத்துக்கு எத்தனை மடங்கு வரை அனுப்பும் என்பது) 2.5 உள்ள ஹெலிகல் எல்எஸ்டி அதே இடத்தில் வலது பக்கத்துக்கு 500 வரை அனுப்பும், மொத்தம் 700. அதே சேறு, அதே டயர், முக்கால் பங்கு கூடுதல் இழுவை. எல்எஸ்டிக்காகக் காசு செலவழிப்பதெல்லாம் இந்த 300-க்காகத்தான்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். சக்கரம் முழுக்க அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை 2.5-ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான். முன் சக்கரம் தூக்கியபடி வண்டி நின்றுவிட்டால் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே மிதிக்கவேண்டும். பிரேக் கொடுக்கும் எதிர்ப்பையும் எல்எஸ்டி பிடிப்பாகவே எண்ணி, அதை இரண்டரை மடங்காக்கி மறுபக்கம் அனுப்பும். டிராக்ஷன் கண்ட்ரோல் உள்ள டிடி5 இஞ்சின் வண்டிகளில் இதைக் கணினியே செய்துவிடுகிறது. எல்எஸ்டி இருந்தால் டிராக்ஷன் கண்ட்ரோல் தேவையில்லை என்பார்கள். உண்மையில் இரண்டும் சேர்ந்தால்தான் சிறப்பு.

வளைவுக்கு வருவோம். டிஃபெண்டரின் இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1486 மி.மீ. 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 16 சதவீதம் வேகமாகச் சுழலவேண்டும். 50 மீட்டர் ஆரத்தில் வித்தியாசம் 3 சதவீதம்தான். எல்எஸ்டியின் இயல்பு, வேகமாகச் சுழலும் சக்கரத்திடமிருந்து எடுத்து மெதுவாகச் சுழலும் சக்கரத்துக்குக் கொடுப்பது. மூன்று நிலைகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் நிலை, வளைவுக்குள் லேசான மிதியோடு நுழைவது. இரண்டு சக்கரத்துக்கும் பிடிப்பு இருக்கிறது. வெளிச்சக்கரம் வேகமாகச் சுழல்கிறது. எல்எஸ்டி அதனிடமிருந்து எடுத்து உட்சக்கரத்துக்குக் கொடுக்கும். உட்பக்கம் அதிகமாகத் தள்ளினால் வண்டி வளைவுக்கு வெளியே ஒதுங்கப் பார்க்கும். இரு பக்கத் தள்ளு விசையில் 1000 நியூட்டன் வித்தியாசம் இருந்தால், அரை அகலமான 0.743 மீட்டரால் பெருக்கினால் சுமார் 740 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திருப்பத்தை எதிர்க்கும் முறுக்கு. ஓட்டுபவருக்கு அது "கொஞ்சம் கூடுதலாகத் திருப்பவேண்டியிருக்கிறது" என்று தெரியும்.

இரண்டாவது, வளைவின் நடுவிலிருந்து மிதித்து வெளியேறுவது. எடை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. உட்சக்கரம் இலேசாகி வழுக்கத் தொடங்குகிறது. அது வெளிச்சக்கரத்தைவிட வேகமாகச் சுழன்ற கணத்திலேயே எல்லாம் தலைகீழாகிவிடும். இப்போது எல்எஸ்டி உட்சக்கரத்திடமிருந்து எடுத்து வெளிச்சக்கரத்துக்குக் கொடுக்கும். வெளிப்பக்கம் தள்ளினால் மூக்கு உள்ளே திரும்பும். சாதாரண டிஃப் உள்ள வண்டியில் இங்கே உட்சக்கரம் வீணாகச் சுழன்று, மூக்கு வெளியே போயிருக்கும். ஈரமான மலைச்சாலையில் ஏற்றமான கொண்டை ஊசியில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வெளியே ஒதுங்கிக்கொண்டிருந்த வண்டி, மிதியை இன்னும் அழுத்தியதும் உள்ளே இழுக்கத் தொடங்குகிறது. ஒதுங்குகிறதே என்று ஸ்டியரிங்கைக் கூடுதலாகத் திருப்பியிருந்தால் அந்தக் கூடுதலும் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். பழகாதவர்கள் இங்கேதான் வளைவின் உட்புறக் கல்லில் டயரை ஏற்றுவார்கள். செய்யவேண்டியது: நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திருப்பி முடித்து, மூக்கு வெளியேறும் திசையைப் பார்த்தபிறகு மிதியைப் படிப்படியாகக் கொடுப்பது. பாதியில் கொடுத்து, எடுத்து, மறுபடி கொடுப்பது வேண்டாம்.

மூன்றாவது, வளைவின் நடுவில் காலை எடுப்பது. சாதாரண டிஃப் வண்டியில் காலை எடுத்தால் எடை முன்னால் வந்து மூக்கு உள்ளே மடங்கும். பலர் இதைத் தெரியாமலே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். எல்எஸ்டி போட்டபின் இஞ்சின் பிரேக்கிங்கும் சமமாகப் பிரியாது. வேகமாகச் சுழலும் வெளிச்சக்கரத்தில் அதிகமாக விழும். வெளிப்பக்கம் பிடித்திழுத்தால் வண்டி நேராகப் போகவே விரும்பும். நெடுஞ்சாலையில் நீண்ட வளைவில் இது நிதானத்தைக் கொடுக்கும். இறக்கத்தில், கியரில் விட்டுக்கொண்டு வந்து திடீரென்று வளைவு இறுகினால், பழைய நம்பிக்கையில் காலை எடுப்பவருக்கு மூக்கு எதிர்பார்த்த அளவு மடங்காது.

இந்த மூன்றும் எவ்வளவு வலுவாகத் தெரியும் என்பது எல்எஸ்டியின் வகையைப் பொறுத்தது. கிளட்ச் பிளேட் வகையில் ஸ்பிரிங் அழுத்தம் எப்போதும் இருக்கும். மிதிக்காவிட்டாலும் இரண்டு சக்கரத்தையும் ஓரளவு கட்டிவைத்திருக்கும். நிறுத்துமிடத்தில் முழு ஸ்டியரிங்கில் திரும்பும்போது டயர் கீச்சிடுவதும் முன்பக்கம் விட்டுவிட்டுத் துள்ளுவதும் இதனால்தான். மிதிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் ஒரே மாதிரி இறுகும் 2-வே வகையை முன் ஆக்சிலில் போடவே கூடாது; ஓட்டப்பந்தய வண்டியில் பின்பக்கம் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம், திரும்பும் முன்சக்கரங்களுக்கு நடுவில் இல்லை. கிளட்ச்தான் வேண்டும் என்றால் மிதிக்கும்போது மட்டும் இறுகும் 1-வே, அல்லது காலை எடுக்கும்போது குறைவாக இறுகும் 1.5-வே, அதுவும் குறைந்த முன்னழுத்தத்தில். பிளேட் தேயும், அவ்வப்போது பிரித்து அடுக்கவேண்டும், எல்எஸ்டிக்கான எண்ணெய் வேண்டும் என்பதெல்லாம் கூடுதல் செலவு.

ஹெலிகல் வகை, அதாவது ஈட்டன் ட்ரூடிராக், குவைஃப் ஏடிபி, ஆஷ்கிராஃப்ட் ஏடிபி போன்றவை, வரும் முறுக்கு விசைக்கு ஏற்றபடிதான் இறுகும். லேசான மிதியில் ஏறத்தாழ சாதாரண டிஃப் போலவே நடக்கும். முதல் நிலையின் ஒதுங்கலும் மூன்றாம் நிலையின் பிடிவாதமும் இதில் மெல்லிதாகவே தெரியும். இரண்டாம் நிலையின் நன்மை முழுசாகக் கிடைக்கும். தேய்வதற்குப் பிளேட் இல்லை. தார்ச்சாலையிலும் ஓடும் டிஃபெண்டரின் முன் ஆக்சிலுக்கு நான் வேறெதையும் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே ஒரு எல்எஸ்டிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது பின் ஆக்சிலுக்குப் போகட்டும். ஏற்றத்தில் எடை அங்கேதான் இருக்கிறது. பின்னால் லாக்கர் (இரு சக்கரத்தையும் முழுக்கப் பூட்டுவது), முன்னால் ஹெலிகல் என்பது நன்றாக ஒத்துப்போகும் ஜோடி.

இனி, யாரும் அதிகம் சொல்லாத ஒரு ஆபத்து. குறுகலான சாலையில் எதிரே லாரி வருகிறது. இடப்பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்குகிறீர்கள். இடது மண்ணில், வலது தாரில். இப்போது மிதித்தால் பிடிப்புள்ள வலது சக்கரத்துக்கு எல்எஸ்டி அதிகம் கொடுக்கும். வலப்பக்கம் அதிகமாகத் தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும், அதாவது பள்ளத்தை நோக்கி. போதாக்குறைக்கு, வலது சக்கரத்தின் கூடுதல் இழுவை கிங்பின்னை (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சு) சுற்றி அந்தச் சக்கரத்தையே இடப்பக்கம் திருப்பப் பார்க்கும். ஸ்டியரிங் கையில் வெட்டி இழுக்கும். சாலைக்குத் திரும்பும்போது முதலில் காலைத் தளர்த்தவேண்டும், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து மெதுவாக ஏறவேண்டும், நான்கு சக்கரமும் தாருக்கு வந்தபின்தான் மிதி. அவசரத்தில் எல்லாரும் இதற்கு நேர்மாறாகத்தான் செய்வார்கள்.

அந்த வெட்டு இழுப்பின் அளவை நாமே கூட்டிவிடுவதும் உண்டு. அழகுக்காக 30 மி.மீ. வீல் ஸ்பேசர் போட்டாலோ, வெளியே துருத்தும் ரிம் போட்டாலோ சக்கரம் கிங்பின்னிலிருந்து இன்னும் தள்ளிப்போகிறது, நெம்புகோல் நீளமாகிறது. சாதாரண டிஃபில் இது தெரியாது, ஏனென்றால் இரு பக்க விசையும் சமம், ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எல்எஸ்டி அந்தச் சமத்தைக் குலைப்பதற்கென்றே இருப்பது. ஸ்பேசரும் முன் எல்எஸ்டியும் ஒரே வண்டியில் வேண்டாம்.

பக்கவாட்டுச் சரிவும் அப்படித்தான். ஈரப் புல்லில், சாய்ந்த பாறையில் போகும்போது சாதாரண டிஃபில் ஒரு முன்சக்கரம் சுழன்றால் மற்றது அமைதியாக நின்று மூக்கைச் சரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். எல்எஸ்டி இரண்டையும் சேர்ந்து சுழலவைக்கலாம். சுழலும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு ஏறத்தாழ இருக்காது. மூக்கு சரிவுப் பக்கம் நழுவும். அங்கே குறைந்த மிதியே பாதுகாப்பு. ஆழமான தடத்தில் போகும்போது, ஸ்டியரிங் வெட்டினால் விரல் மாட்டாமலிருக்க, கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே வையுங்கள்.

டயர் பொருத்தம் பற்றி. முன் ஆக்சிலின் இரண்டு டயரும் ஒரே மாடல், ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம். 235/85 ஆர்16 டயரின் ஆரம் சுமார் 400 மி.மீ. ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் 8 மி.மீ. தேய்ந்த டயர் என்றால் வித்தியாசம் 2 சதவீதம். 1 சதவீத வித்தியாசமே சுமார் 150 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஓயாமல் போய்க்கொண்டிருப்பதற்குச் சமம்; 2 சதவீதம் என்றால் 75 மீட்டர். மிதித்தால் தேய்ந்த டயர் பக்கம் இழுக்கும், காலை எடுத்தால் இழுப்பின் குணம் மாறும். இதைப் பலர் அலைன்மெண்ட் கோளாறு என்று நினைத்து மூன்று கடை ஏறி இறங்குவார்கள். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று நேராகத் தள்ளி, தரையில் விழுந்த இரண்டு தடத்துக்கும் இடையே அளந்தால் போதும். இரு பக்கச் சுற்றளவும் 10 மி.மீ.-க்குள் ஒத்திருக்கட்டும். ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பஞ்சர் ஆகும் அன்று இதே தொல்லை.

மாட்டுவதற்கு முன் பழைய ஆட்டங்களைத் தீர்த்துவிடுங்கள். பேனார்டு ராடு புஷ், ரேடியஸ் ஆர்ம் புஷ், ஸ்விவல் பின் பேரிங், வீல் பேரிங், டிராக் ராடு முனைகள். சாதாரண டிஃபில் ஒளிந்திருந்த ஆட்டம் எல்எஸ்டியின் இழுப்பில் வெளியே வரும். பழி எல்எஸ்டி மேல் விழும். வண்டியை உயர்த்தியிருந்தால் கேஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) பாருங்கள். தொழிற்சாலை அளவு 3 டிகிரி. 2 அங்குலம் உயர்த்தினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். ஸ்டியரிங் தானாக நேராகும் சக்தி குறையும். அதோடு முன் எல்எஸ்டியும் சேர்ந்தால் வண்டி அலையும். கேஸ்டரைத் திருத்தும் ரேடியஸ் ஆர்ம் போட்டபின்தான் டிஃபைத் தொடவேண்டும். டோ (மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு), தொழிற்சாலை சொன்னபடி 0 முதல் 2 மி.மீ. வெளிநோக்கி.

மாட்டும் வேலை பின் ஆக்சிலைவிட நீளம். பின்னால் ஹப் ஃப்ளாஞ்சைக் கழற்றி ஷாஃப்டை உருவிவிடலாம். முன்னால் சிவி ஜாயிண்ட் (திரும்பும் சக்கரத்துக்கு இழுவையைக் கடத்தும் மூட்டு) ஸ்விவல் என்ற உருண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெயை வடித்து, டிராக் ராடையும் டிராக் லிங்கையும் விடுவித்து, காலிப்பரைக் குழாயோடு அப்படியே ஓரமாகக் கட்டிவைத்து, ஸ்விவல் உருண்டையை ஆக்சிலோடு பிணைக்கும் 7 போல்ட்டுகளைக் கழற்றி, ஹப்போடு மொத்தமாக வெளியே இழுக்கவேண்டும். ஷாஃப்டும் கூடவே வரும். இரு பக்கமும் இதைச் செய்தபின் புரொப்பெல்லர் ஷாஃப்டின் 4 போல்ட், பிறகு டிஃப் கூட்டைச் சுற்றிய நட்டுகள். டிஃப் கனமானது, கீழே படுத்துக்கொண்டு கையால் தாங்க நினைக்காமல் டிராலி ஜாக்கி வையுங்கள்.

மேசையில் பேரிங் மூடிகளை எடுக்கும் முன் பஞ்சால் இடம், வலம் அடையாளம் குத்துங்கள். மாற்றிப் போட்டால் பேரிங் வட்டமாக உட்காராது. கிரௌன் வீலின் (டிஃபின் பெரிய பல்சக்கரம்) 10 போல்ட்டுகளும் புதிதாக, எண்ணெய்ப் பசையில்லாமல், லாக்டைட் தடவி, எதிரெதிராக இறுக்கவேண்டும். அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனைத் தொடவில்லை என்றால் அதன் ஷிம் மாற்றவேண்டியதில்லை. பக்க நட்டுகளைத் திருகிப் பேரிங் முன்னழுத்தத்தையும் பேக்லாஷையும் (பற்களுக்கு இடையிலான ஆட்டம்) சரிசெய்யுங்கள்: டயல் கேஜில் 0.10 முதல் 0.17 மி.மீ., கிரௌன் வீலின் நான்கு இடங்களில். பல் தடத்தைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. இந்த முன் ஆக்சிலில் இருப்பது டிஃபெண்டர் 90-இன் பின் ஆக்சிலில் உள்ள அதே வகை டிஃபே, திருப்பி வைத்தது. முன்னோக்கி ஓடும்போது பல்லின் மறுமுகத்தில் சுமை விழுகிறது. நீல மை தடவிப் பார்க்கும்போது அந்த முகத்தின் தடமும் பல்லின் நடுவில் வரவேண்டும். வழக்கமான முகத்தை மட்டும் பார்த்து மூடிவிட்டால் 60 கி.மீ. வேகத்தில் ஊளையிடும் டிஃப் கிடைக்கும்.

வாங்குமுன் ஸ்ப்ளைனை எண்ணுங்கள். பழைய வண்டியில் 10, பிந்தியதில் 24. கைமாறி வந்த வண்டியில் முந்தைய உரிமையாளர் என்ன போட்டார் என்பது ஷாஃப்டை உருவிப் பார்த்தால்தான் தெரியும். 10 ஸ்ப்ளைன் ஷாஃப்டுக்கு நல்ல எல்எஸ்டி போடுவதில் அர்த்தமில்லை, ஷாஃப்டையும் மாற்றுங்கள். பயஸ் விகிதம் 2.5 என்றால் ஆக்சிலின் முறுக்கு விசையில் 71 சதவீதம் வரை ஒரே சிவி ஜாயிண்டுக்குப் போகலாம். முன்பு எப்போதும் பாதிதான். லோ ரேஞ்சில், முழு ஸ்டியரிங் வெட்டில், சக்கரம் கல்லில் முட்டி நிற்கும்போது மிதித்தால் முதலில் போவது அந்த ஜாயிண்ட்தான். ஸ்டியரிங்கைக் கால் சுற்றாவது நேராக்கிவிட்டு மிதியுங்கள்.

எண்ணெய் முன் ஆக்சிலுக்கு 1.7 லிட்டர். ட்ரூடிராக்குக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 மினரல் எண்ணெயே போதும். கிளட்ச் எல்எஸ்டிக்கான வழுக்கு மருந்து இதில் சேர்க்கக்கூடாது. இது வேலை செய்வதே பல்சக்கரத்துக்கும் அதைச் சுற்றிய கூட்டின் சுவருக்கும் இடையிலான உராய்வால். அதைக் குறைத்தால் பயஸ் விகிதமும் குறையும்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போது முன்னால் எல்எஸ்டி இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி கியரில் சுழலவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி நடந்துவிடக்கூடும். நான்கையும் தூக்கவேண்டும், அல்லது இஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சுழற்றவேண்டும். இரண்டு முன்சக்கரமும் அந்தரத்தில் இருக்க ஒன்றைக் கையால் சுழற்றினால், ஹெலிகல் எல்எஸ்டியில் மற்றது எதிர்ப்பக்கம் சுழலும். "உள்ளே எல்எஸ்டியே இல்லையே" என்று யாராவது சொன்னால் அது அந்தச் சோதனையின் குறை.

முதல் 1000 கி.மீ.-இல் எண்ணெயை வடித்துப் பாருங்கள். காந்த அடைப்பானில் மையாக ஒட்டிய சாம்பல் நிறப் பசை இயல்பு. நகக்கண்ணில் உறுத்தும் துணுக்கு வந்தால் பேக்லாஷையும் பல் தடத்தையும் திரும்பப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் ஊளை என்றால் முன்னோட்ட முகத்தின் தடம் தவறு, காலை எடுக்கும்போது மட்டும் என்றால் எதிர்முகம், இரண்டிலும் ஒரே இரைச்சல் என்றால் பேரிங். கியர் போடும்போது கேட்கும் டக் சத்தத்துக்கு டிஃபைப் பிரிக்கும் முன் ஹப் ஃப்ளாஞ்சின் ஸ்ப்ளைன் தேய்மானத்தையும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சிலுவையையும் கையால் ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஆட்டம் அங்கேதான் இருக்கும்.